விராலடிப்பானுக்காக விட்ட டெண்டர்

நாற்பத்தாறாவது வயதில் என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி விழுந்தது. பென்சிலில் போட்டதுதான். சின்னதுதான். வீட்டில் என்னைப் பற்றி எழும் கேள்விகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் வீட்டுக் கேள்விகளை யாரும் நோட்டில் ஏற்றிப் பத்திரப்படுத்துவதில்லை. இது பதிவேட்டில் விழுந்தது. நான் போன பிறகும் அது இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் அப்போது யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் படித்தவருக்கு வீடு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தகுதியில்லாத இருபது பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கப்பன் பூங்காவின் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கூடிப் பறவை பார்ப்போம். ஒன்பது மணிவாக்கில் பறவைகள் எங்களைப் பார்த்து அலுத்துப்போனதும் பக்கத்துத் தெரு தர்ஷினி ஓட்டலுக்கு நகர்வோம். நின்றபடியே இட்லி, வடை, பிறகு ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிக்கும் பைட்டூ. அந்த மேசையில்தான் பதிவேடு திறக்கப்படும், சாம்பார் வாளிக்கு எட்டாத தூரத்தில்.

பதிவேட்டை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை. பிறந்து வளர்ந்தது எல்லாம் அல்சூர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் அதட்டி ஆங்கிலத்தில் தீர்ப்பு சொல்வார். எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம். அந்த மாதம் யார் எங்கே என்ன பறவை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். சாதாரணப் பறவை என்றால் மையில் எழுதுவார். அபூர்வமானது என்றால் கூடவே இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும், அல்லது படம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பென்சிலை எடுப்பார்.

நான் பார்த்தது ஆஸ்ப்ரே. தமிழில் விராலடிப்பான். மேலேயிருந்து கால் முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழுந்து மீனைத் தூக்கிப் போகிற பெரிய வலசைப் பறவை. குளிர்காலத்தில் பெரிய ஏரிகளுக்கு எப்போதாவது வரும். ஹெப்பகோடி ஏரியில் அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. நான் பார்த்தது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் ஹெப்பகோடியில் எங்கள் தொழிற்சாலைக்கு போல்ட் செய்து தரும் பட்டறையைச் சோதித்துக்கொண்டிருந்ததாக அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் யாரும் கேள்விக்குறி போடவில்லை.

ஏரி நடுவே பட்டுப்போன ஒரு மரக்கட்டை. அதன் மேல் உட்கார்ந்திருந்தது. எழும்பியது, வட்டமடித்தது, விழுந்தது, மீனோடு போனது. என் கையில் இருந்த பழைய கேமராவில் கல்யாண வீட்டுக்கு மட்டுமே உதவுகிற சாதாரண லென்ஸ். அதிலும் ஒன்று எடுத்தேன்.

டிசம்பர் கூட்டத்தில் மேடம் அந்தப் படத்தைத் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார். பறவை எங்கே என்றார். அந்தப் புள்ளி என்றேன். அதே சுருளில் எடுத்த என் மனைவியின் படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அதே புள்ளி அவர் நெற்றிக்கு மேலேயும் பறக்கிறதே என்றார். லென்ஸில் தூசி.

"கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை இருந்துதா சார்?"

"இருந்திருக்கும் மேடம்."

"நான் நீங்க பார்த்ததைக் கேட்கறேன். நீங்க புத்தகத்துல படிச்சதைச் சொல்றீங்க."

பிறகு பென்சிலை எடுத்தார். விராலடிப்பான், ஹெப்பகோடி, என் பெயர், அப்புறம் அது. இருபது பேரும் தத்தம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நாகரிகமான மௌனத்தை அதற்கு முன் நான் ஒரு சாவு வீட்டில்தான் கண்டிருக்கிறேன்.

பறவை மார்ச்சில் வடக்கே போய்விடும். அதற்குள் கண்பட்டை தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அதற்கு டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டும். வேறொருவராக இருந்தால் கடைக்குப் போய் வாங்கியிருப்பார். நான் இருபது வருடமாகக் கொள்முதல் பிரிவில் இருப்பவன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் கலந்துபோனது. கல்யாணத்தையே நான் அப்படித்தான் முடித்ததாக என் மனைவி சொல்வாள். அது தவறு. அந்த விஷயத்தில் வந்தது ஒரே விண்ணப்பம்தான்.

பட்டியல் தயாரானது. ஒன்று, எழுபதிலிருந்து முன்னூறு வரை நீளும் புது ஜூம். இரண்டு, நானூறு மில்லிமீட்டர், நீளம் மாறாதது. அப்படியே கண்ணைக் கொத்துகிற மாதிரி துல்லியம் என்று எல்லா ஆங்கிலப் பத்திரிகையும் எழுதியது. மூன்று, பழைய முன்னூறு ஒன்று. நான்கு, ஐநூறு மில்லிமீட்டர் கண்ணாடி லென்ஸ், அதாவது நீளக் குழாய்க்குப் பதில் உள்ளே இரண்டு கண்ணாடிகளை வைத்து ஒளியை மடித்து அனுப்புகிற வகை. பார்க்கப் பெயின்ட் டப்பா மாதிரி குட்டையாகத் தடியாக இருக்கும். நானூறை வாங்குவதென்றால் ஸ்கூட்டரை விற்க வேண்டும். விற்றால் ஏரிக்கு எப்படிப் போவது என்பது அடுத்த டெண்டர்.

எடை, நீளம், ஒளி வாங்கும் திறன், பழுதுபார்க்கும் வசதி என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். டிசம்பர் முடிந்தது. ஜனவரி முதல் வாரமும் முடிந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிற என் மனைவி, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு வந்து பட்டியலைப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் பறவைக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எது?"

"நீங்க ஃபைலை நகர்த்தற வரைக்கும் அது இங்கேயே இருக்கணும்னு."

அது என்னைத் தைத்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் தாமதித்தது ஆராய்வதற்காக இல்லை. எந்த லென்ஸ் என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். ஐநூறு. காரணம், அது ஐநூறு. எங்கள் குழுவில் யாரிடமும் முன்னூறுக்கு மேல் இல்லை. கொள்முதலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு வித்தை உண்டு: வேண்டிய ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு, அவருக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி நிபந்தனையை அப்புறம் எழுதுவது. இருபது வருடமாகப் பிறர் கொண்டுவந்த அப்படிப்பட்ட கோப்புகளை மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது என் பட்டியலின் மேல் வரியில் என் கையாலேயே எழுதினேன்: குறைந்தபட்ச நீளம் ஐநூறு. மூன்று பேரும் தகுதியிழந்தார்கள். மனைவி கையெழுத்து போட்டாள். பக்கத்தில் பத்துக்கு நாலு மார்க்கும் போட்டாள், வழிமுறைக்காக மட்டும் என்று.

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடைக்கும் ஒரு கறிக்கடைக்கும் நடுவே ஏறிப்போகிற மாடிப்படி. மேலே பழைய கேமரா, லென்ஸ் பழுதுபார்க்கிற பாயின் கடை. மேசை முழுக்கத் திருகாணிகள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெயின்ட் டப்பாவை எடுத்து வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"எதுக்கு சார் இது?"

பறவைக்கு என்றேன்.

"நக்கோ சார், வேணாம். இது நிலா எடுக்கறதுக்கு நல்லாருக்கும். நிலா ஆடாது, அசையாது. பறவைக்கு அந்த முன்னூறை எடுத்துக்கங்க. மிச்சம் இருநூறுக்கு நீங்க பறவை பக்கமா நடங்க."

இதில் ஒளி புகும் துளையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, வெளிச்சம் குறைவு, கண்ணில் வைத்தால் உள்ளே இருட்டாகத் தெரியும், கை நடுங்கினால் ஏரியே நடுங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விற்பவரே பொருளைக் குறை சொன்னால் எங்கள் பிரிவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு ஆசை இரட்டிப்பானது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். சிவாஜிநகர் வானத்தில் பருந்துக்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக்காரர்கள் வீசுகிற கொழுப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கூட்டம் கூட்டமாகச் சுற்றும். கறுப்புப் பருந்துகள், இருபது முப்பது. ஒன்று எங்கள் தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் வந்து, என்னை நன்றாகப் பார்த்து, கறி இல்லை என்று தெரிந்து போனது. ஐநூறு வழியாகப் பார்த்தேன். கண், அலகு, அலகில் ஒட்டியிருந்த நேற்றைய சாப்பாடு வரைக்கும் தெரிந்தது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"இது நம்ம சீல் சார்," என்று பருந்தைத் தன் உருதுவில் சொன்னார் பாய். "இதுங்க கல்யாண ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கும். காட்டுல இருக்கறது நிக்காது."

வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி ஞாயிறு கூட்டத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். இன்னும் ஒரு படம்கூட அதில் எடுத்திருக்கவில்லை. ஆனாலும் பூங்காவில் ஏதோ மாறியிருந்தது. போன மாதம் வடையைப் பார்த்தவர்கள் இந்த மாதம் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு என்று ஒருவர் கேட்டார், ஐநூறு என்றேன், அவர் தன் முன்னூறைக் கையால் கொஞ்சம் மறைத்துக்கொண்டார். மரத்தில் ஏதோ அசைந்தபோது, "சார் என்ன சொல்றாரு?" என்று ஒரு குரல் கேட்டது. சார் என்பது நான்தான். சாம்பல் நிறக் குக்குறுவான் என்று சொன்னேன். அப்படி ஒரு பறவை உலகில் இல்லை. இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் ஹெப்பகோடி. பாய் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. கண்ணை வைத்தால் உள்ளே தியேட்டரில் படம் போடுவதற்கு முந்தைய இருட்டு. ஃபோகஸ் வளையத்தை ஒரு முடியளவு திருப்பினால் பறவை மறைந்து அக்கரைப் புல் தெரியும். இன்னொரு முடியளவு திருப்பினால் புல்லும் போய்விடும். முதல் சுருள் முப்பத்தாறில் முப்பத்தொன்று தண்ணீர். மீதி ஐந்து, எருமை. எருமைகள் மிக நன்றாக வந்திருந்தன. நிலாவைப் போலவே அவையும் அசைவதில்லை.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை வந்தது அது. அதே பட்டுப்போன கட்டையில் உட்கார்ந்தது. லென்ஸை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்து, நான்கு படம் எடுத்தேன். நான்காவதை எடுக்கும்போது அது எழும்பி, வட்டமடித்து, நவம்பரில் செய்ததைப் போலவே தண்ணீரில் எதையோ பறித்துக்கொண்டு போனது. சந்தேகமே இல்லை. அதே கட்டை, அதே வட்டம், அதே ஆள்.

அன்று மாலையே பொம்மனஹள்ளி ஸ்டூடியோவில் பிரிண்ட் வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மனைவி முதலில் பார்த்தாள்.

"தண்ணியில ஏன் இத்தனை வடை மிதக்குது?"

கண்ணாடி லென்ஸின் இன்னொரு குணம் அது. ஃபோகஸுக்கு வெளியே மினுங்குகிற ஒளி எல்லாம் நடுவில் ஓட்டை போட்ட வட்டமாக விழும். ஏரி முழுக்க உளுந்து வடை. அந்த வடைகளுக்கு நடுவே, நான்கில் ஒன்றில், என் பறவை ஊசி முனை போலத் துல்லியமாக நின்றிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

கண்ணுக்குக் குறுக்கே பட்டை இல்லை. வயிறு வெள்ளை இல்லை. மார்பு முழுக்கப் பழுப்பில் கீற்றுக் கீற்றாக. வால் நுனி வட்டம். புத்தகத்தைத் திறக்காமலே தெரிந்தது, இருந்தாலும் திறந்தேன். செம்பருந்து. இன்னும் செம்மை ஏறாத இளம் பறவை. தண்ணீர் கிடக்கிற எந்த ஊருக்குப் போனாலும் நாலு நிற்கும். அதுவும் மீன் பிடிக்கும்தான். ஆனால் விழாது, மேலாகக் கிள்ளிக்கொண்டு போகும். விழுந்ததாக நான் பார்த்தது, மேடம் சொன்ன மாதிரி, புத்தகத்தில் படித்தது.

மனைவி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்ததும் இதுதானா என்று கேட்டாள். அதேதான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியென்றால் அந்த அம்மா போட்ட கேள்விக்குறி சரிதானே என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம். படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன், ஏன் என்று தெரியாமலே. பூங்கா முழுக்க அது நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

தர்ஷினியில் மேடம் பதிவேட்டைத் திறந்தார். எல்லோருடைய பறவைகளும் ஏறின. முன்னூறை மறைத்துக்கொண்டவர், "மேடம், சார் நேத்து அந்த லென்ஸோட ஹெப்பகோடி போயிருந்தாராம்," என்று ஆரம்பித்தார். விராலடிப்பான் கிடைத்ததா என்று இன்னொருவர் கேட்டார். அதே பறவை வந்தது, எடுத்திருக்கிறேன் என்றேன். பொய் ஒரு சொல்கூட இல்லை. "ஐநூறுல எடுத்திருக்காரு. அப்புறம் என்ன மேடம்?" என்றார் முன்னூறு. இருபது தலைகளும் ஆடின. படத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. போகட்டும், கேள்விக்குறியை எடுத்துவிடலாம் என்று எல்லோருமாகத் தீர்மானித்தார்கள். மேடம் கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, டிசம்பர் பக்கத்தைத் திருப்பி, என் பெயருக்கு நேரே வைத்தார். அழிப்பதற்கு முன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஷ்யூர்தானே சார்?"

இரண்டு மாதமாக நான் வேண்டியது அந்த ரப்பருக்கும் தாளுக்கும் நடுவே ஒரு நூல் தூரத்தில் இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். என் நேர்மையைப் பற்றிப் பெருமை பேச இங்கே எதுவும் இல்லை. குறுக்கே வந்தது நேர்மை இல்லை, கோபம். அந்த இருபது பேர் நம்பியது என்னை இல்லை. என் கழுத்தில் தொங்கிய பெயின்ட் டப்பாவை. அத்தனை பேரில் என் கண் என்ன பார்த்தது என்று கேட்டது இந்த ஒரு அம்மாள்தான். டிசம்பரில் கேட்டார், இப்போதும் கேட்கிறார்.

"அழிக்காதீங்க மேடம்," என்றேன். படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "இது இளசு. செம்பருந்து. நவம்பர்ல நான் பார்த்ததும் இதுதான். அந்த வரியையே அடிச்சிடுங்க."

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். வடைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரைப் பைக்குள் போட்டார். பேனாவையும் எடுக்கவில்லை.

"இது பிப்ரவரி பறவை," என்றார். "நவம்பர்ல நீங்க பார்த்தது இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அதே கட்டை மேடம். அதே மாதிரி வட்டமடிச்சுது."

"கட்டை அதே கட்டையா இருக்கலாம். பஸ் ஸ்டாப்புல தினம் ஒரே ஆளா நிக்கிறான்? நவம்பர் பறவைக்குப் படம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"கூட யாராவது பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப அது விராலடிப்பான்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல. இல்லைன்னு சொல்றதுக்கும் இல்ல. உங்க தப்பை நீங்களே ஒத்துக்கிட்டா நான் நம்பிடணுமா சார்? அதுவும் ஒரு ஆள் சொன்னதுதானே."

எங்கள் தொழிற்சாலைக்கு வருகிற தணிக்கை அதிகாரிகளை நினைத்துக்கொண்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அவர்கள்கூட மனம் இளகிவிடுவார்கள். வாதாட எனக்கு வழியில்லை; இருபது வருடம் நான் பிறருக்குச் சொன்ன விதி அது. மற்றவர்கள் பைட்டூ சொல்லப் போய்விட்டார்கள். முன்னூறு மட்டும் படத்தை எட்டிப் பார்த்து, ஐநூறில் எடுத்தால் செம்பருந்தும் எவ்வளவு நன்றாக வருகிறது என்றார்.

மேடம் புதுப் பக்கத்தில், மையில் எழுதினார்: செம்பருந்து, இளம் பறவை, ஹெப்பகோடி, என் பெயர். பிறகு என்னிடம் கேட்காமலே படத்தைப் பதிவேட்டோடு வைத்து ஒட்ட, தர்ஷினிக்காரரிடம் கொஞ்சம் பசை கேட்டு வாங்கிவரச் சொன்னார். போய் வாங்கி வந்தேன்.

எங்கள் குழு இத்தனை வருடத்தில் எத்தனையோ அபூர்வப் பறவைகளைப் பார்த்திருக்கிறது. பாதிக்கும் மேல் பென்சிலில் இருக்கின்றன. மறுக்க முடியாத புகைப்பட ஆதாரத்தோடு, ஒட்டி, தேதி போட்டு, மேடத்தின் கையெழுத்தோடு அந்தப் பதிவேட்டில் இன்றுவரை இருப்பது ஒரே பறவைதான். ஹெப்பகோடியில் செம்பருந்து இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் படம் இல்லாமலே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.